நடக்க முடிந்த அம்மாவுக்கு ஏன் சக்கர நாற்காலி கேட்டேன்

பெரும் பன்னாட்டு விமான நிலையங்களின் நிர்வாகத்தினருக்கும், அவற்றின் வழியாகச் சென்னை, திருச்சி, மதுரைப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குச் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் பயணச்சீட்டு எடுத்தபோது நான் ஒரு பொய் சொன்னேன். நெடுந்தூரம் நடக்க இயலாதவர் என்று பதிவு செய்து, அவருக்குச் சக்கர நாற்காலி கேட்டேன். 66 வயதாகும் அம்மா திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர். விடியற்காலையில் ஆற்றுக்கு நடந்துபோய்க் குளித்துவிட்டு, இடுப்பில் குடத்தோடு திரும்பி வருகிறவர். அவர் காலில் ஒரு குறையும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், நாளிதழை வரி விடாமல் வாசிப்பவர். ஆங்கிலம் மட்டும் தெரியாது. பயணச்சீட்டு எடுத்துத் தந்த முகவர், "வீல்சேர் போட்டுடுங்க மேடம், வயசானவங்களுக்கு எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, பத்திரமா கொண்டுபோய் அடுத்த பிளேன்ல ஏத்திவிட்டுடுவாங்க" என்றார். வேறு வழி எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்தப் பொய்யை நான் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கவும் மகளின் பேறுகாலத்துக்கும் தனியாகக் கடல் கடந்து வரும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகளில் பலர் இதைச் சொல்கிறோம். சென்னைக்குப் புறப்படும் எந்த விமானத்தின் வாசலிலும் வரிசையாக நிற்கும் சக்கர நாற்காலிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு வண்டி தேவை, எத்தனை பேருக்கு வழி சொல்ல ஓர் ஆள் தேவை என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. அதைப் பிரித்துக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பொய்யால் அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடையில் விமானம் மாறிய நிலையத்தில் அவரை இறக்கி, நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், சக்கர நாற்காலிப் பயணிகள் காத்திருக்கும் பகுதியில் விட்டுவிட்டு அந்தப் பணியாளர் போய்விட்டார். அங்கே இருபது, இருபத்தைந்து பேர் இருந்தார்களாம். அடுத்த விமானத்துக்கு மூன்றரை மணி நேரம். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் மேசையில் இருந்தவர் வாங்கி வைத்துக்கொண்டதால், எழுந்து போனால் அவற்றைத் திரும்பத் தருவார்களோ மாட்டார்களோ என்ற பயம். கழிப்பறை எதிரில், கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர் எழுந்து நடந்தால், "நடக்கிறாரே, இவருக்கு எதற்கு நாற்காலி" என்று கேட்பார்களோ என்று அதற்கும் பயம். மூன்றரை மணி நேரமும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து இதைச் சொன்னவர், "உன் பேச்சைக் கேட்டு நொண்டி மாதிரி உட்காந்திருந்தேன்டி, திரும்பிப் போறப்ப அந்த வண்டி எனக்கு வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் எந்த மனிதரையும் இழிவாக நினைத்துச் சொல்லவில்லை; தன் உடம்பைப் பற்றித் தன் வாயால் ஒரு பொய்யை நடிக்க வேண்டிவந்த கூச்சத்தில் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவருக்கு இரண்டு முழங்காலிலும் கட்டு. அவரைக் கூட்டிப்போக ஆள் வருவதற்கு, அம்மாவைக் கூட்டிப்போக ஆள் வந்ததைவிட நேரமாயிற்று என்பதையும் அம்மாவே சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. என் அம்மாவுக்காக நான் எடுத்துக்கொண்ட நாற்காலியும் ஆளும் அந்தப் பெரியவரிடமிருந்து எடுத்தவை.

சக்கர நாற்காலி உதவியில் மூன்று நிலைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்; எங்களைப் போன்ற பயணிகளின் பிள்ளைகளுக்குத் தெரியாது. படியேறுவார், நெடுந்தூரம் நடக்க மாட்டார் என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; தன் இருக்கைவரை யாராவது தூக்கியோ தாங்கியோ செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. இந்தக் குறிகளை உலகெங்கும் விமான நிறுவனங்கள் ஒரே பொருளில் பயன்படுத்துகின்றன. இவற்றோடு எம்.ஏ.ஏ.எஸ். என்று இன்னொரு குறியும் முன்பதிவு முறையில் பல காலமாக இருக்கிறது. சந்தித்து உதவுதல் என்பது அதன் பொருள். நடக்கத் தெரிந்த, வழி தெரியாத ஒருவருக்கு வேண்டியது அதுதான். இப்படி ஒன்று இருப்பதை நான் அம்மா திரும்பிப் போன பிறகே அறிந்தேன். பல நிறுவனங்களின் இணையப் படிவத்தில் சக்கர நாற்காலிக்குக் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை. பல நிலையங்களில் இதே உதவி, வரவேற்பு மலரோடும் ஓய்வறையோடும் சேர்த்து, வசதி படைத்தவர்களுக்குக் கட்டணச் சேவையாக விற்கப்படுகிறது. சக்கர நாற்காலி இலவசம், துணைக்கு வரும் ஆளுக்குப் பணம் என்று இருந்தால், மக்கள் எதைக் கேட்பார்கள் என்பதில் வியப்பென்ன?

சட்டமும் இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 எண்ணிட்ட ஒழுங்குமுறை, உடற்குறை உள்ளவர்களுக்கும் நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் விமான நிலைய நிர்வாகமே கட்டணம் இன்றி உதவ வேண்டும் என்கிறது. 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும். அருமையான சட்டம். அதில் உடற்குறை இருக்கிறது, அறிவு வளர்ச்சிக் குறை இருக்கிறது, முதுமை இருக்கிறது. பலகையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாதவர் என்று ஒரு வகை இல்லை. ஆகவே வாசிக்க முடியாதவர் நடக்க முடியாதவராக வேடம் போடுகிறார்.

இனித் திரும்பிய பயணம். நாற்காலி வேண்டாம் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால், நான்கு பக்கத்துக்கு ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத எழுதத்தான் ஒரு பெரிய விமான நிலையம் தன் பயணியிடம் எவ்வளவு முன்னறிவை எதிர்பார்க்கிறது என்பது எனக்கே புரிந்தது. விமானத்தை விட்டு இறங்கியவர் நியாயமாக எந்தப் பலகையைப் பார்ப்பார்? வந்து சேர்ந்துவிட்டோம், ஆகவே 'வருகை' என்ற பலகையைப் பார்ப்பார். விமானம் தரையிறங்குகிற படமும் அதைத்தான் சொல்கிறது. அந்த வழியே போனால் குடியேற்றச் சோதனையும் பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட்டும் வரும். அம்மா போக வேண்டியது அங்கே இல்லை, அடுத்த விமானத்துக்கு மாறும் 'இணைப்பு' வழியில். 'இணைப்பு' என்பதற்கு எளிதில் விளங்கும் படம் இன்றுவரை அமையவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக அந்நாட்டின் வரைகலைக் கழகம் 1974-ல் 34 படக்குறிகளை வரைந்து தந்தது. கழிப்பறை, தொலைபேசி, பெட்டி என்று கண்ணால் காணும் பொருள்களுக்கெல்லாம் அந்த வழிவந்த குறிகள் இன்றும் உதவுகின்றன. ஆனால் "இறங்கியவரே, நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை, இன்னொரு விமானம் ஏற வேண்டும்" என்பதை எப்படிப் படமாக வரைவது? அதற்குச் சொல் வேண்டும். அந்தச் சொல் படிக்கிறவரின் மொழியில் இருக்க வேண்டும்.

தாளில் இதையும் எழுதினேன்: இறங்கியதும் மறுபடியும் ஒரு சோதனை இருக்கும், பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தால் வாங்கிப் போட்டுவிடுவார்கள், கோபப்படாதே. கைக்கடிகாரத்தை நம்பாதே. லண்டனிலிருந்து வளைகுடாவுக்கு வரும்போது ஒரு நேரம், அங்கே ஒரு நேரம், ஊரில் ஒரு நேரம். துபாய், அபுதாபி, மஸ்கட் என்றால் நம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், தோஹா, குவைத் என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால். போர்டிங் பாஸில் இரண்டு நேரம் அச்சாகியிருக்கும்; முந்தைய நேரம்தான் நீ ஏற வேண்டியது, பிந்தையது விமானம் கிளம்பும் நேரம், அதற்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். இரண்டாவது போர்டிங் பாஸில் கேட் எண் இருக்காது, திரையில் பார்க்க வேண்டும். திரையில் சென்னை என்று தமிழில் வராது. இந்த ஏழு எழுத்துகள் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டியிருக்கிறேன், அதே வரிசையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்.

அம்மா ஒப்பிட்டுப் பார்த்தார். சரியான கேட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அவருடைய சாமர்த்தியத்தில் எனக்கு இப்போதும் பெருமை. ஆனால் விமானம் ஏறுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்டை மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு இல்லை. கூச்சல் இல்லாத நிலையம் என்ற நல்ல நோக்கத்தில் அறிவிப்புகளைக் குறைத்துத் திரைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் மட்டும் மாற்றங்களைக் காட்டும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் இருவராக எழுந்து போனபோது, சாப்பிடப் போகிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். வரிசை முழுதும் காலியான பிறகுதான் மனம் திக்கென்றிருக்கிறது.

அப்போது அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், என்ன ஊர், என்ன மொழி என்று எதுவும் தெரியாமல், "தம்பி, மெட்ராஸ் பிளேன் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்றானாம். அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை. அம்மாவின் சீட்டை வாங்கித் திரையில் பார்த்துவிட்டு, ஈரத்தரை எச்சரிக்கைப் பலகையை மடித்து வண்டியில் வைத்து, வண்டியைத் தூணோரம் தள்ளி நிறுத்திவிட்டு, அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்திருக்கிறான். நகரும் நடைபாதையில் ஏற அம்மா தயங்கியபோது, "வலது காலை வைங்கம்மா, நான் இருக்கேன்" என்று கையைப் பிடித்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. கேட்டுக்குச் சற்று முன்னாலேயே பையைக் கொடுத்துவிட்டு, "இதுக்கு மேல நான் வரக்கூடாதும்மா, என் பகுதியை விட்டு வந்ததே தெரிஞ்சா கேள்வி கேப்பாங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டான். அம்மா அவன் கையில் திணித்த பணத்தை அவன் வாங்கவில்லை. அந்த விமான நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அந்தப் பிள்ளையும் ஒரு காரணம்.

பொறுப்பில் இருப்பவர்களே, உங்களை நான் கேட்பது இதுதான். தமிழ் பேசத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வளைகுடாவின் விமான நிலையங்களில் தரை துடைப்பவர்கள், டிராலி தள்ளுபவர்கள், பெட்டி ஏற்றுபவர்கள், தேநீர் ஊற்றித் தருபவர்கள் என்று தமிழ், மலையாளம், வங்காளம், நேபாளி பேசும் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. மலேசியாவின் கோலாலம்பூர் நிலையத்தில் தமிழ்க் குரல் கேட்காத பகுதியே இருக்காது. வழி கேட்டு நிற்கும் கிழவிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது குற்றமாக இல்லாமல் அவர்கள் வேலையின் ஒரு பகுதியாக ஆகட்டும். "தமிழ் பேசுவேன்" என்று தமிழ் எழுத்தில் ஒரு சிறு வில்லையை அவர்கள் சட்டையில் குத்திவிடுங்கள். அதற்கென்று சம்பளத்தோடு ஒரு படித்தொகை கொடுங்கள். மொழிபெயர்ப்பு ஒரு திறமை, அதை இனாமாக வாங்குவது முறையாகாது. அறந்தாங்கிப் பிள்ளை ஒளிந்து ஒளிந்து செய்த உதவியை அடுத்த பிள்ளை நிமிர்ந்து நடந்து செய்யட்டும்.

உதவி தேவைப்படுபவரை அடையாளம் காணவும் உங்கள் கையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையம் பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப் பட்டையைத் தொடங்கியது. அதை அணிந்தவரிடம் பணியாளர்கள் பொறுமையாகப் பேசுவார்கள், கூடுதல் நேரம் தருவார்கள். காரணத்தை அவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று பல நாட்டு விமான நிலையங்களில் அது வழக்கத்தில் இருக்கிறது. வழியும் மொழியும் தெரியாத பயணிக்கும் வேறொரு நிறத்தில் அப்படி ஒரு பட்டை ஏன் இருக்கக்கூடாது? சென்னையிலோ திருச்சியிலோ பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலேயே கழுத்தில் போட்டுவிட்டால், இறங்கும் இடத்தில் உங்கள் ஆள் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். சிலர் இதை அணியக் கூச்சப்படலாம். அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "வண்டிக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்.

எல்லாப் பலகைகளையும் தமிழில் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து மொழியில் எழுதிய பலகையை ஒருவராலும் வாசிக்க முடியாது. இலங்கையின் கட்டுநாயக்காவிலும், 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத்தின் பலாலியிலும் தமிழ்ப் பலகைகள் இருப்பது அந்த நாட்டின் ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று என்பதால். ஆட்சி மொழியாகத் தமிழ் இல்லாத நாட்டில் அந்த உரிமையை நான் கோர முடியாது. ஆனால் சென்னைக்குப் போகும் விமானத்தின் கேட்டில், அந்த ஒரு திரையில், அந்த ஒரு மணி நேரத்துக்குத் தமிழ் வரலாம் அல்லவா? மதுரைக்கும் திருச்சிக்கும் அப்படியே. கேட் மாறினால், பழைய கேட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, பதிவு செய்த ஒரே ஒரு தமிழ் வாக்கியம் ஒலிக்கலாம்: "சென்னை செல்லும் பயணிகள் இந்த எண்ணுள்ள வாசலுக்குச் செல்லவும்." எண்ணை மட்டும் மாற்றினால் போதும். கொச்சிக்குப் போகும் வாசலில் மலையாளமும் டாக்காவுக்குப் போகும் வாசலில் வங்காளமும் இதே முறையில் ஒலிக்கட்டும். இது தமிழருக்கு மட்டும் உள்ள இடர் இல்லை.

நிறத்தையும் இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்துக்கு 1967-ல் வடிவமைப்பாளர் பென்னோ விஸ்ஸிங் வகுத்த முறையில், விமானத்தை நோக்கிப் போகும் வழிக்கு மஞ்சள் பலகை என்று பிரித்துவைத்தார்கள். இப்படி ஒரு நிலையம் நிறத்தைக் கறாராகப் பின்பற்றினால், வாசிக்கத் தெரியாதவருக்கும் "மஞ்சளை விடாமல் பிடித்துக்கொண்டு போ" என்று ஒரே வரியில் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். எழுத்தும் எண்ணும் சேர்ந்த கேட் பெயர்களுக்குப் பக்கத்தில் எத்தனை நிமிட நடை என்பதையும் எல்லா இடத்திலும் போடுங்கள். ஒரு விமானத்திலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குக் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று நீங்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த அளவுக்குக் கீழே பயணச்சீட்டு விற்பதில்லை. பலகையை வாசித்துக்கொண்டே நடக்கும் பயணிக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தாளில் வரைந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நடப்பவருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை உங்கள் நிலையத்திலேயே அப்படி ஒருவரோடு நடந்து பாருங்கள்.

தொடங்கும் இடத்திலும் செய்யக்கூடியது உண்டு. 2023 ஏப்ரலில் சென்னையிலும் 2024 சனவரியில் திருச்சியிலும் புதிய முனையங்கள் திறக்கப்பட்டன. கூரையும் ஓவியங்களும் அழகாக இருக்கின்றன. அங்கே தமிழ் பேசும் பணியாளர்கள் இருக்கும்போதே, முதன்முறை பறப்பவர் கையில் அடுத்து இறங்கும் நிலையத்தின் வழியைச் சொல்லும் தமிழ்த் தாள் ஒன்றைக் கொடுத்துவிடலாம். விமானத்துக்குள்ளும் நான்கு மணி நேரம் சும்மா இருக்கும் திரையில் அதையே ஒரு படமாகக் காட்டலாம். பேரனுக்குக் குருமா வைத்துத் தரலாம் என்று கசகசாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பும் பாட்டிக்கு, அது ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள் என்பதை ஊரிலேயே, தமிழிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் செய்தி இல்லை அது.

அம்மா வரும் மாசியில் மறுபடியும் வருகிறார். என் இரண்டாவது பேறுகாலம். பயணச்சீட்டுப் படிவம் என் முன்னால் திறந்திருக்கிறது. சக்கர நாற்காலி வேண்டுமா என்ற கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே, "நடப்பார், வழிகாட்ட ஒருவர் வேண்டும், தமிழில் பேச வேண்டும்" என்று இன்னொரு கட்டம் இருந்தால் அதை நிரப்பி, இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவேன். உங்கள் மறுமொழி வரும்வரை பயணச்சீட்டு எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவையாற்றுப் பக்கத்து அம்மா ஒருவரின் மகள்